பணிப்பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள்

(ஆசிரியர் ஓய்வு: கேள்வி-பதில்)

கோபிசெட்டிபாளையம் ஆசிரியை: 2001-இல் அரசுப் பள்ளியில் சேர்ந்தேன், வயது 52. புதிய தலைமையாசிரியருடன் ஒத்துப்போகவில்லை. எமிஸ் என்னும் கல்வித்துறை இணையதளத்தில் விவரம் ஏற்றும் வேலையும் தாளவில்லை. விருப்ப ஓய்வு பெற்றால் ஓய்வூதியம் எவ்வளவு வரும்?

பதில்: 50 வயது நிறைந்தாலோ 20 ஆண்டுத் தகுதிப் பணி (ஓய்வூதியக் கணக்கில் சேரும் பணி) முடிந்தாலோ, மூன்று மாத முன்னறிவிப்புடன் விருப்ப ஓய்வு கோரலாம். தாங்கள் 1.4.2003-க்கு முன் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியமே பொருந்தும். 30 ஆண்டுப் பணிக்கு அடிப்படை ஊதியத்தில் பாதி என்பது கணக்கு. 24 ஆண்டென்றால், விருப்ப ஓய்வுக்குக் கூட்டித் தரும் ஆண்டுகளைச் சேர்க்காமல், ஏறக்குறைய 40 விழுக்காடு. ஆனால், தகுதிப் பணியைக் குறைக்கக்கூடிய ஊதியமில்லா விடுப்பு எத்தனை நாள் எடுத்தீர்கள் என்பதை எழுதவேயில்லை. அதை விட்டுவிட்டுத் தொகையை மட்டும் கேட்டால் நான் சோதிடமா பார்க்க முடியும்? பணிப்பதிவேட்டில் விடுப்புக் கணக்கும் பணிச் சரிபார்ப்புக் குறிப்பும் ஆண்டுவாரியாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். தலைமையாசிரியர் நாளையே மாறுதலில் போகலாம். தாங்களும் மாறுதல் கலந்தாய்வில் வேறு பள்ளிக்குப் போகலாம். ஏற்கப்பட்ட ஓய்வுக் கடிதத்தைத் திரும்பப் பெறுவது அத்தனை எளிதன்று.

பவானி ஆசிரியர்: பத்தாம் வகுப்பு எடுக்கிறேன். அக்டோபரில் 60 நிறைகிறது. மாணவர்களைப் பாதியில் விட்டுப்போக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனம் உண்டு. விருப்பக் கடிதத்தை முன்னதாகவே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

காங்கேயம் தலைமையாசிரியர்: ஓய்வின்போது 30 லட்சம் போலக் கைக்கு வரும். மைத்துனர் சொல்லும் நிறுவனம் லட்சத்துக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறதாம். போடலாமா?

பதில்: கூடாது. ஆண்டுக்கு 48 விழுக்காடு தங்கள் ஊரின் எந்த எண்ணெய் ஆலையிலும் வராது என்பது, மாணவர்களுக்குத் தனிவட்டிக் கணக்குச் சொல்லிக்கொடுத்த தங்களுக்குத் தெரியாதா? பெருந்துறையில் ஈமு கோழித் திட்டங்கள் 2012-இல் சரிந்ததைக் கண்ணால் பார்த்த வட்டாரத்துக்காரர்கள் நாம். அந்த நிறுவனத்தார் முன்பணம் வாங்கிக்கொண்டு, குஞ்சும் தீவனமும் கொட்டகையும் கொடுத்து, மாதந்தோறும் பராமரிப்புத் தொகையும் தருவதாகச் சொன்னார்கள். பழையவரின் மாதத் தொகை புதியவரின் முன்பணத்திலிருந்தே வந்தது என்பது, புதியவர்கள் நின்ற மாதத்தில்தான் பலருக்கும் விளங்கியது. முதலீட்டாளர் பாதுகாப்புக்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் கோவையில் தனி நீதிமன்றமும் இருக்கின்றன. ஆயினும் வழக்கு முடிந்து பணம் வருவதற்குள் பேரன் கல்லூரியை முடித்துவிடுவான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தகைய முகவர்கள் ஓய்வு பெறும் ஆசிரியரைத் தேடி வருவது 30 லட்சத்துக்காக மட்டுமன்று. வாத்தியாரே போட்டிருக்கிறார் என்றால் ஊரே போடும் என்பதற்காகவும்தான். தங்கள் பெயரை நம்பிப் போட்டவர்கள் நாளை தங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. உச்சவரம்பு 30 லட்சம், காலம் 5 ஆண்டு. 8.2 விழுக்காடு வட்டியில், பத்து லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுமார் 20,000 ரூபாய் வரும். மைத்துனர் வருத்தப்பட்டால் படட்டும்.

பொள்ளாச்சி ஆசிரியர்: ஓய்வுத் தொகையில் ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வாங்கி விவசாயம் பார்க்க ஆசை.

பதில்: ஆசை நல்லது. ஆனால் அப்பகுதியில் வேர்வாடல் நோய் பரவியிருக்கிறது. ஓலைகள் வளைந்து விலா எலும்பு போல் தொங்கும் மரங்கள் எத்தனை என்று நடந்து எண்ணாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். முதலில் குத்தகைக்கு எடுத்து, ஆழ்துளைக் கிணறு ஒரு கோடையைத் தாங்குகிறதா என்று பாருங்கள்.

நாமக்கல் ஆசிரியை: தனியார் பள்ளியில் 22 ஆண்டுகள். விலகினால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடையாது என்கிறது நிர்வாகம்.

பதில்: தவறு. 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் தனியார் பள்ளி ஆசிரியர்களையும் 3.4.1997 முதல் பணிக்கொடைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2022-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம். மாதத்துக்கு 26 நாள் என்று வகுக்க வேண்டும். கடைசி ஊதியம் 26,000 என்றால் 3,30,000 வரும். பணியில் சேர்ந்த ஆணையும் ஊதியச் சீட்டுகளும் கையில் இருக்கின்றனவா என்று தாங்கள் எழுதவில்லை. விலகல் கடிதம் கொடுக்கும் முன் அவற்றைப் படியெடுத்து வீட்டில் வையுங்கள். நிர்வாகம் மறுப்பதானால் அதையும் எழுத்தில் கேளுங்கள்.