வாங்கி வைத்த வார்கேம்களை எப்போது ஆடுவது? பினாங்கிலிருந்து கேள்வி பதில்

வரைபடத்தில் படைப்பிரிவுகளை நகர்த்தி ஒரு முழுப் போரையே நடத்திப் பார்க்கும் கம்ப்யூட்டர் வார்கேம்களைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். 1990களிலிருந்து இவற்றைச் சேர்க்கிறேன், ஆடவும் செய்கிறேன். வீடும் வேலையும் ஜார்ஜ்டவுனில்தான். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): அண்ணா, எனக்குத் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட். கேம்கள் நிறைய வாங்கிவிட்டேன், ஒன்றைக்கூட முடித்ததில்லை. நீங்கள் எல்லாம் நேரத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

பதில்: தம்பி, வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் உங்களுக்கும் கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆட்டத்தைக் கெடுப்பது இடைவெளி. பத்து நாள் கழித்து சேவ் ஃபைலைத் திறக்கிறீர்கள். ஒரு டாங்கிப் படை ஆற்றுக்கு இந்தப் பக்கமே நிற்கிறது. எரிபொருள் தீர்ந்து நிற்கிறதா, இல்லை நீங்களே எதற்காகவோ நிறுத்தி வைத்தீர்களா? ஞாபகம் வராது. அரைமணி நேரம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவீர்கள். அடுத்த வாரம் வேறொரு கேமைப் புதிதாக ஆரம்பிப்பீர்கள். முடிக்காத கேம்கள் இப்படித்தான் சேர்கின்றன.

இதற்கு நான் செய்வது, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருக்கிறேன். ஆட்டத்தை மூடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி மூன்று விஷயம் எழுதுவேன். எந்த இடத்தைப் பிடிக்கப் போகிறேன், எந்தப் படை எதற்காகக் காத்திருக்கிறது, எதிரி எங்கே அடிப்பான் என்று பயப்படுகிறேன். அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து வந்தாலும் அதைப் படித்துவிட்டு நேராக ஆட்டத்துக்குள் போய்விடலாம். வேறு எந்த யோசனையையும் விட இதுதான் எனக்குப் பலன் கொடுத்தது.

அடுத்தது, ஒரு டர்ன் (உங்கள் படைகளை எல்லாம் ஒருமுறை நகர்த்தி முடிப்பது) எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்த்து கேமைத் தேர்ந்தெடுங்கள். 'யூனிட்டி ஆஃப் கமாண்ட்' மாதிரி கேமில் படைகள் கொஞ்சம்தான், டர்ன் சில நிமிடங்களில் முடியும். ஜெர்மனி-சோவியத் போரைப் பற்றிய 'வார் இன் தி ஈஸ்ட்' அப்படி இல்லை. 1941 ஜூனில் ஜெர்மனியின் முதல் டர்னை ஒழுங்காக ஆடவே பல மணி நேரம் வேண்டும். ஒரு டர்ன் என்பது போரில் ஒரு வாரம், முழுப் போர் 200 டர்னுக்கு மேல். கையில் ஒரு பெரிய கேம், ஒரு சின்ன கேம், அதற்கு மேல் வேண்டாம். அப்புறம், இரவு ஷிப்ட் முடிந்து வந்த காலையில் தாக்குதல் டர்னைத் தொடாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் எரிபொருளும் குண்டும் வரும் சப்ளை வழியைப் பார்க்காமல் முன்னே போய் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி (செந்தூல்): இதுவரை ஒன்றுகூட ஆடியதில்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: 'பான்சர் கார்ப்ஸ் 2' அல்லது 'ஆர்டர் ஆஃப் பேட்டில்'. இரண்டும் 1994இல் எஸ்எஸ்ஐ நிறுவனம் வெளியிட்ட 'பான்சர் ஜெனரல்' வழியில் வந்தவை. ஒரு சண்டையில் தப்பிய படை அனுபவத்தோடு அடுத்த சண்டைக்கு வரும், அதனால் அதன் மேல் ஒரு பாசமே வந்துவிடும். இவை பிடித்துப்போய், சப்ளைதான் போரைத் தீர்மானிக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஆசை வந்தால் 'யூனிட்டி ஆஃப் கமாண்ட் 2'க்குப் போங்கள்.

கேள்வி (தைப்பிங்): 'வார் இன் தி பசிஃபிக்' கேமில் மலாயா இருக்கிறது என்றார்கள். வேலைக்குப் போகிறவன் அதை வாங்கலாமா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேம் அது, அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன். கேம் வடிவமைப்பாளர் கேரி கிரிக்ஸ்பியின் 'வார் இன் தி பசிஃபிக்' 2004இல் வந்தது. இன்று எல்லோரும் ஆடுவது 2009இல் வந்த அட்மிரல்ஸ் எடிஷன். இந்தியாவிலிருந்து அமெரிக்கா வரை ஒரே வரைபடம். ஒரு ஹெக்ஸின் (வரைபடத்தில் உள்ள அறுகோணக் கட்டம்) அகலம் 40 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 74 கிலோமீட்டர். நம் பினாங்குத் தீவு முழுவதும் ஒரு ஹெக்ஸுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு கப்பலுக்கும், ஒவ்வொரு விமானப் பிரிவுக்கும் நீங்கள்தான் உத்தரவு போட வேண்டும்.

ஒரு டர்ன் என்பது போரில் ஒரு நாள். போர் 1941 டிசம்பரிலிருந்து 1945 ஆகஸ்ட் வரை நடந்தது, அது 1,300 நாளுக்கு மேல். தினமும் ஒரு டர்ன் ஆடினால் உண்மையான போர் நடந்த அளவு காலம் உங்களுக்கும் ஆகும். மின்னஞ்சலில் டர்னை மாற்றி மாற்றி அனுப்பி இருவராக ஆடுகிறவர்கள் அப்படித்தான் வருடக்கணக்கில் ஆடுகிறார்கள்.

ஆனால் மலேசியர்கள் யாராக இருந்தாலும் அந்த முதல் சில டர்ன்களை ஒரு முறையாவது ஆட வேண்டும். கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கியது டிசம்பர் 8 அதிகாலை. பேர்ல் ஹார்பரில் முதல் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்பே அது நடந்துவிட்டது. சிங்கப்பூரில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் உங்கள் கையில் நிற்கும். வடக்கே அனுப்பி எதிரி இறங்குவதைத் தடுப்பதா, தெற்கே அனுப்பிக் காப்பாற்றுவதா? நிஜத்தில் வடக்கே அனுப்பினார்கள். மேலே காவலுக்குப் போர்விமானங்கள் இல்லை. டிசம்பர் 10ஆம் தேதி குவாந்தானுக்கு அப்பால் இரண்டும் மூழ்கின. ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது, பிப்ரவரி 15இல் சிங்கப்பூர். பாடப்புத்தகத்தில் தேதிகளாகப் படித்ததை இங்கே ஒவ்வொரு நாளாக நீங்களே நிறுத்தப் பார்ப்பீர்கள். அந்த 70 நாள் எப்படி இவ்வளவு வேகமாக ஓடியது என்று புரியும்.

அதனால், வாங்கலாம். முழுப் போரை முடிக்க வேண்டும் என்ற கணக்கு மட்டும் வேண்டாம். சிங்கப்பூர் விழும்வரை ஆடுவேன் என்று முடிவு செய்து ஆடினால் அதுவே ஒரு நிறைவான ஆட்டம்.

கேள்வி (ஜெலுத்தோங்): லோரோங் கூலிட் சந்தையில் பழைய பெட்டி கேம்கள் கிடைத்தன. 3.5 இஞ்ச் ஃபிளாப்பிகள், உள்ளே வெள்ளைப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?

பதில்: போடாதீர்கள்! அது பூஞ்சை. அந்த ஃபிளாப்பியை டிரைவில் போட்டால் படிக்கும் தலையில் ஒட்டிக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல ஃபிளாப்பியையும் கீறிவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் இது சாதாரணம். பூஞ்சை பிடித்தவற்றை உடனே தனியாக எடுத்து வையுங்கள். நல்லவற்றை யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில் போட்டு முதல் வேலையாக முழு இமேஜ் (வட்டில் உள்ளதை அப்படியே ஒரு கோப்பாக நகல்) எடுத்துவிடுங்கள். அதன் பிறகு ஆடுவது இமேஜிலிருந்துதான், அசலைத் தொட வேண்டாம். 5.25 இஞ்ச் வட்டு இருந்தால் சாதாரண யுஎஸ்பி டிரைவ் உதவாது, கிரீஸ்வீசல் மாதிரி தனிக் கருவி வேண்டும்.

பெட்டிகளை வெளிச்சுவர் ஓரமாக அடுக்காதீர்கள். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரம் உறிஞ்சும் அலமாரி வசதிப்பட்டால் நல்லது, இல்லையென்றால் மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். ரப்பர் பேண்ட் போடவே கூடாது, வெயில் காலத்தில் உருகி அட்டையில் ஒட்டிவிடும்.

கையேடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தக் காலத்து கேம்கள் பல, தொடங்கும்போது "இத்தனையாவது பக்கத்தில் இத்தனையாவது சொல் என்ன" என்று கேட்கும். கையேடு இல்லாத பெட்டிக்கு நான் பாதி விலைகூடத் தரமாட்டேன்.

கேள்வி (பட்டர்வொர்த்): 1990கள், 2000களில் வாங்கிய அசல் சிடிகள் விண்டோஸ் 11இல் ஓடவில்லை. சிடி கெட்டுப்போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் சிடி நன்றாகத்தான் இருக்கும். விண்டோஸ் 95 காலத்து கேம் பலவற்றில் கேம் 32-பிட், ஆனால் இன்ஸ்டால் செய்யும் நிரல் அதைவிடப் பழைய 16-பிட் வகை. இன்றைய 64-பிட் விண்டோஸ் அதை ஓட்டாது. இன்னொன்று, சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு. பாதுகாப்புக் காரணத்துக்காக மைக்ரோசாஃப்ட் அதற்கான டிரைவரை விண்டோஸ் 10இலிருந்து எடுத்துவிட்டது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கேம் என்றால் கவலையே இல்லை, டாஸ்பாக்ஸ் என்ற நிரல் பார்த்துக்கொள்ளும். விண்டோஸ் கேமுக்கு, வீட்டில் மூலையில் கிடக்கும் விண்டோஸ் எக்ஸ்பி லேப்டாப்பை எடுத்து இணையத் தொடர்பு இல்லாமல் அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து இதுதான் தொல்லை குறைந்த வழி. 'குளோஸ் காம்பாட்' வரிசை போன்றவை ஜிஓஜி என்ற இணையக் கடையில் இப்போதைய விண்டோஸுக்கு ஏற்றபடி கிடைக்கின்றன. அங்கே வாங்கினால் இன்ஸ்டாலரை இறக்கித் தனி ஹார்டு டிஸ்க்கில் வைத்துவிடுங்கள், பிறகு எந்தக் கணக்கிலும் நுழையத் தேவையில்லை.

கேள்வி (பத்து கேவ்ஸ்): ஏன் இவ்வளவு விலை? தள்ளுபடிக்குக் காத்திருக்கலாமா?

பதில்: ஆடுகிறவர்கள் குறைவு, ஆராய்ச்சி அதிகம். பெரிய கேம்கள் 80 அமெரிக்க டாலர் அளவில் இருக்கும். அதோடு வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கான வரியும் உண்டு, 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு. காத்திருங்கள், வருடக் கடைசியில் நிச்சயம் இறங்கும்.

கேள்வி (ஈப்போ, ஒரு சகோதரி): கேம் ஆடுகிறவர் என் கணவர். வாங்கிக்கொண்டே இருக்கிறார், ஆடுவதைப் பார்த்ததே இல்லை. இது வீண் செலவு இல்லையா?

பதில்: அக்கா, சேர்ப்பது ஓர் ஆசை, ஆடுவது வேறோர் ஆசை. பழைய பெட்டிகளை அவர் பார்த்துப் பார்த்து வாங்குகிறார் என்றால் அதை வீண் என்று சொல்லமாட்டேன். அந்தக் கையேடுகளில் பல, ஒரு போரின் படைப் பட்டியலையும் வரைபடத்தையும் நல்ல சரித்திர நூல் அளவுக்குத் தருகின்றன. கடையில் ஒருமுறை விட்டால் மறுபடி கிடைக்காது என்ற பயமும் எங்கள் தலைமுறைக்கு உண்டு.

தள்ளுபடியைப் பார்த்து டிஜிட்டலில் வாங்கிக் குவிப்பது மட்டும் எனக்கும் சரியாகப் படவில்லை. அது அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும், பெரும்பாலும் இன்னும் மலிவாக. கடைசியாக வாங்கியதில் ஒரு சினாரியோவாவது (ஒரு தனிச் சண்டை) முடித்த பிறகுதான் அடுத்தது என்று இருவரும் பேசி வையுங்கள். "இப்போது எந்தப் போர் நடக்கிறது?" என்று அவ்வப்போது கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால் ஆடுகிறவருக்கு உற்சாகம் வரும். ஞாயிற்றுக்கிழமை பசியாறிய பிறகு இரண்டு மணி நேரம் அவருக்கு விட்டுக்கொடுத்து, அதே மாதிரி இரண்டு மணி நேரம் நீங்களும் அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (கிள்ளான்): என் தாத்தாவைத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. ஜப்பான் பக்கம் ஆடும்போது மனம் உறுத்துகிறது.

பதில்: ஐயா, உறுத்தத்தான் செய்யும். சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட அந்தப் பாதை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் இணைத்து முடித்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோன தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர்கள். பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தார்கள்.

நான் ஜப்பான் பக்கமும் ஆடுகிறேன். மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்கு அனுப்பும் சரக்குக் கப்பல்களை நீர்மூழ்கிகளும் விமானங்களும் மூழ்கடிக்கும்போது, பர்மாவில் இருக்கும் படைக்குத் தரைவழி ஒன்று வேண்டும் என்று அந்தத் தலைமை ஏன் அவ்வளவு வெறியாக நின்றது என்று புரிகிறது. ஆனால் சப்ளை என்பது திரையில் வெறும் எண்தான். அந்த எண்ணைச் சுமந்த மனிதர்களை எந்த கேமும் காட்டியதில்லை. அது இந்த விளையாட்டுகளின் உண்மையான குறை. அதனால் பர்மா, மலாயா ஆடும் நாட்களில் அந்த ரயில் பாதையைப் பற்றியும் படிக்கிறேன், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டதைப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். உங்களால் முடியவில்லை என்றால் அந்தப் பக்கத்தை ஆடவே வேண்டாம். வட ஆப்பிரிக்கப் பாலைவனம் இருக்கிறது, 1944 நார்மண்டி இருக்கிறது.

கேள்வி (பாலிக் பூலாவ்): சீனப் பெருநாளுக்கு இரண்டு நாள் லீவு, மாமியார் வீடு கம்பாரில். லேப்டாப் பழசு, செலவில்லாமல் ஆட ஏதாவது?

பதில்: 'வின்எஸ்பிடபிள்யூடபிள்யூ2' இறக்கிக்கொள்ளுங்கள். 1995இல் வந்த 'ஸ்டீல் பான்தர்ஸ்' கேமை ஆர்வலர் குழு ஒன்று வளர்த்து இலவசமாகத் தருகிறது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஒரு ஹெக்ஸ் சுமார் 50 மீட்டர். சினாரியோ எடிட்டரும் அதிலேயே உண்டு.

நீங்கள் போகிற ஊரிலேயே சண்டை நடந்திருக்கிறது, தெரியுமா? 1941 டிசம்பர் 30இலிருந்து ஜனவரி 2 வரை, 11ஆவது இந்திய டிவிஷன் கம்பார் குன்றுகளில் ஜப்பானின் 5ஆவது டிவிஷனைத் தடுத்து நிறுத்தியது. கடைசி நாளில் தாம்சன் ரிட்ஜை மீட்க, பஞ்சாப் படைப்பிரிவின் சீக்கியக் கம்பெனி துப்பாக்கி முனைக் கத்தியோடு ஏறியது. அந்தக் குன்றை மீட்டும் பயனில்லை, ஜப்பானியர் தெற்கே கடல்வழி இறங்கியதால் பின்வாங்க நேர்ந்தது. காலையில் போய் கிரீன் ரிட்ஜ் மேட்டில் நின்று சாலை எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். மத்தியானம் அந்த மேட்டையும் சாலையையும் எடிட்டரில் வரைந்து, மேட்டில் இரண்டு கம்பெனி, பின்னால் பீரங்கி என்று வையுங்கள். முதல் ஆட்டத்தில் தடுப்பவர் பக்கம் நீங்கள் இருங்கள்.