வாசகர் கேட்டவை: பதினான்கு பேரும் ஒரு ஆறும்

கேள்வி: அண்ணா, வெள்ளவத்தையில் இருந்து நாங்கள் 14 பேர், பாதி ஆபீஸ் ஆக்கள், மீதி மச்சான் மச்சாள்மார், ஒரு சனி ஞாயிறு கித்துல்கல போய்க் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறோம். சனிக்கிழமை மலையேற்றம், ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகில் ஆற்றோடு போவது), கயாக் (துடுப்புப் போடும் சின்னப் படகு). ஞாயிறு பெலிலேன குகை, திரும்பும் வழியில் அருவிக் குளிப்பு. ஏற்பாடு முழுக்க என் தலையில். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பட்டியலில் பாதியை வெட்டுங்கள். சனிக்கிழமை காலை ஆற்று விளையாட்டு, ஞாயிறு காலை குகை, அவ்வளவுதான். அவிசாவளை ஊடாக வான் வண்டியில் போக ஏறத்தாழ 3 மணி நேரம் பிடிக்கும், விடிய 5 மணிக்குக் கிளம்புவோம் என்று எல்லாரும் சொல்வார்கள், ஒருவர் பம்பலப்பிட்டியில் இன்னும் குளித்துக்கொண்டிருப்பார். அதையும் கணக்கில் வையுங்கள். மலையேற்றத்தையும் அருவியையும் நேரம் மிஞ்சினால் பார்க்கலாம், மிஞ்சாது.

இடம், சாப்பாடு, வான் எல்லாம் பிறகு. காசு சேர்ப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: நீந்தத் தெரியுமா? வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள், அங்கே எல்லாருக்கும் தெரியும். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால்தான் "கழுத்தளவு தண்ணி வரைக்கும் பரவாயில்லை" என்ற உண்மை வெளியே வரும். ஆறு அந்த ஆளை வைத்துத்தான் திட்டமிடப்பட வேண்டும், குழுவில் நன்றாக நீந்துபவரை வைத்து இல்லை. நீந்தத் தெரியாதவர் ராஃப்டில் போகவே கூடாது என்றில்லை, பொருத்தமான லைஃப் ஜாக்கெட்டும் தலைக்கவசமும் நல்ல வழிகாட்டியும் இருந்தால் போகலாம். ஆனால் தனிக் கயாக்கை அவர் கையில் ஓடும் ஆற்றில் கொடுப்பது வேறு கதை. துடுப்புப் பிடித்துப் பார்க்க ஆசையென்றால் முந்தின வாரம் பொல்கொடை ஏரியில், கரையோரமாக, தெரிந்தவர் ஒருவரோடு பழகட்டும்.

கித்துல்கலவில் ஓடுவது களனி கங்கை, அதில் இன்னொரு விஷயம். மேலே நீர்மின் நிலையங்கள் இருப்பதால் மழை இல்லாமலே தண்ணீர் ஏறும், இறங்கும். மலையில் பெய்த மழை உங்கள் தலைக்கு மேல் நீல வானம் இருக்கும்போதே வந்து சேரும். அதனால் ராஃப்டிங் நேரத்தை நீங்கள் தீர்மானிக்க முடியாது, முதல் நாள் மாலை நடத்துபவரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். தண்ணீர் கலங்கி வேகமாக இருக்கிறது, இன்று வேண்டாம் என்று அவர் சொன்னால் கொடுத்த காசை நினைத்து வாதாட வேண்டாம். ஆற்று மணலில் கூடாரம் அடிக்கவே கூடாது, படம் அழகாக வரும், சரி, படம் எடுத்துவிட்டு மேட்டுக்குப் போங்கள்.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக் கொளுவிகளை இறுக்கிய பிறகு வேறொருவர் அதன் தோள்பட்டியில் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும், அது காது வரை வந்தால் ஆற்றிலும் கழன்றுதான் போகும், சின்ன அளவு கேளுங்கள். ராஃப்டில் இருந்து விழுந்தால் எழுந்து நிற்கத்தான் மனசு சொல்லும். நிற்காதீர்கள். கால் பாறை இடுக்கில் மாட்டினால் பின்னால் வரும் தண்ணீர் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கும். மல்லாந்து, கால் இரண்டையும் ஆறு ஓடும் பக்கம் நீட்டி மிதந்து, வழிகாட்டி கயிறு எறியும்வரை அப்படியே வரவேண்டும். இதை வானில் போகும்போதே எல்லாருக்கும் ஒருமுறை சொல்லுங்கள். போத்தல் கொண்டுவருகிறவர்களிடம், தண்ணீரை விட்டு ஏறிய பிறகுதான் திறப்பது என்று இப்போதே பேசிவிடுங்கள், அங்கே போய்ப் பேசினால் நீங்கள்தான் கெட்டவர் ஆவீர்கள்.

ஞாயிறும் சீக்கிரம் புறப்படுங்கள். ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் அந்தப் பக்கம் பிற்பகலில் இடி மின்னல் சகஜம், தனி மரத்தடியில் ஒதுங்குவது ஆபத்து. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, பாதை வழுக்கும், மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே தள்ளிப் போடுங்கள். பெலிலேனவில் 10,000 ஆண்டுகளுக்கும் முந்தைய மனித எச்சங்கள் கிடைத்திருக்கின்றன, ஆகவே சுவரில் பெயர் கிறுக்குகிற மச்சான் யாராவது இருந்தால் அவர் பக்கத்திலேயே நடங்கள்.

கேள்வி: அட்டைக்கு என்ன செய்வது? அம்மா இதைச் சொல்லியே போகவேண்டாம் என்கிறார்.

பதில்: நீளக் காலுறைக்குள் களிசானைச் செருகி, வெளியே சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்தால் நகத்தால் மெல்லத் தள்ளி எடுத்து, கழுவிவிட்டால் போதும், கொஞ்ச நேரம் இரத்தம் கசியும், பயமில்லை. அம்மா பயப்பட வேண்டியது எலிக்காய்ச்சலுக்கு, அது எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இருந்து தொற்றுவது. காலில் புண், வெட்டு இருப்பவர் சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் இறங்காமல் இருப்பது நல்லது. தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று போகுமுன் டொக்டரிடம் கேளுங்கள். திரும்பி வந்து ஓரிரு வாரத்தில் காய்ச்சல், தசைநோவு வந்தால் பனடோலோடு படுத்துவிடாமல், ஆற்றில் இறங்கினேன் என்று டொக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கூடாரம் வாங்குவதா, வாடகைக்கா?

பதில்: முதல் தடவை வாடகைக்கு. மூன்று பேர் கூடாரம் என்று எழுதியிருந்தால் பைகளோடு இரண்டு பேர்தான் படுக்கலாம், ஆகவே உங்களுக்கு 7 வேண்டும். கொழும்பிலேயே ஒன்றை விரித்துப் பார்த்து, கம்பிகளை எண்ணிவிட்டு வானில் ஏற்றுங்கள். அம்புலன்ஸ் எண் 1990, இலவசம். எல்லாருடைய போனிலும் இருக்கட்டும்.