33 அங்குல டயருக்கு 4.88 கியர் தேவையா?

ஏறக்குறைய 33 அங்குல விட்டமுள்ள 285/70 ஆர்17 டயர் மாட்டியதிலிருந்து பிக்கப் மேட்டில் இழுக்கவில்லை, பட்டறையில் 4.88 கிரவுன் பினியன் (அச்சுக்குள் சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கர ஜோடி; சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதே அந்த எண்) போடச் சொல்கிறார்கள், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தலைவலிக்கு அறுவை சிகிச்சை செய்கிற கதை அது.

முன்பிருந்த 265/65 ஆர்17 டயரின் விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீட்டர். புதியது 831. ஏழு விழுக்காடுதான் வித்தியாசம். என் வண்டியைப் போல உங்களுடையதிலும் 3.909 இருந்தால், அதாவது கிரவுனில் 43 பல், பினியனில் 11 பல், அதை 831-ஆல் பெருக்கி 776-ஆல் வகுத்துப் பாருங்கள். 4.19 வரும். அதற்கு அக்கம்பக்கத்தில் வழக்கமாக உள்ளவை 4.10, 4.30. பாரம் ஏற்றுபவர் 4.30 எடுக்கலாம். பழைய டயரில் 110 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 2,200 சுற்று காட்டிய எஞ்சின், 4.30 போட்டால் ஏறக்குறைய 2,260 காட்டும். 4.88 போட்டால் 2,570-ஐ நெருங்கும். சுற்று கூடினால் டீசலும் கூடும். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்குத் தாவிய நாளை மறந்தவர்கள் வேண்டுமானால் அதைப் போட்டுக்கொள்ளட்டும்.

அமெரிக்கக் காணொளிகளில் வரும் எண்களையும் அப்படியே எடுக்காதீர்கள். ஜீப் ரேங்லர் ரூபிகான் தொழிற்சாலையிலிருந்தே 33 அங்குல டயரும் 4.10 கியருமாக வருகிறது. அதற்கு 37 அங்குலம் மாட்டுபவர் 4.88 கேட்பதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் தொடங்கும் இடமே வேறு.

முதலில் உங்கள் வண்டியில் என்ன கியர் இருக்கிறது என்று நீங்களே எண்ணுங்கள். சமதரையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் விட்ட நிலையில் இருக்கட்டும். டயரிலும், பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும், பூட்டு இல்லாத சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் டயரைச் சரியாக இரண்டு சுற்று சுற்றும்போது ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். நான்கு சுற்றுக்குக் கொஞ்சம் முன்னால் கோடு நின்றால் 3.9.

இனி நான் பட்ட பாடு. பினாங்கில் என் மாமாவின் டுரியான் தோட்டம் பாலிக் புலாவ் பக்கம் இருக்கிறது. பழம் ஏற்றிக்கொண்டு துன் சார்டோன் சாலை வளைவுகளில் ஏறத்தான் கியர் மாற்றினேன். "முன் அச்சை விடு தம்பி, ஃபோர் வீலை எப்போதாவதுதானே போடுகிறாய்" என்றார் பட்டறைக்காரர். செலவு பாதி என்றதும் நானும் தலையாட்டினேன். பின்னால் 4.30, முன்னால் பழைய 3.909. ஃபோர் வீல் போட்டால் இரண்டு அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். தோட்டத்துச் சேற்றில் சக்கரம் வழுக்கியதால் ஒன்றும் தெரியவில்லை. ஃபோர் வீலை எடுக்க மறந்து தார் சாலைக்கு வந்த பிறகு ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது, அடியில் 'டக் டக்' என்று சத்தம். லீவரும் வெளியே வர மறுத்தது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்த பிறகுதான் விட்டது. மாமா இறங்கிப் பார்த்துவிட்டு, "முன் காலும் பின் காலும் வேறு வேறு ஊருக்குப் போகிறதே!" என்றார். இரண்டு அச்சுக்கும் பணம் இல்லையென்றால் ஒன்றையும் தொடாதீர்கள்.

மாற்றிவிட்டால் முதல் 800 கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றாமல் ஓட்டி, டிஃபரன்ஷியல் எண்ணெயை மாற்றுங்கள். எண்ணெய் வடிக்கும் அடைப்பானின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம், பல் பதிகிறது. விரலில் குத்துகிற செதில் வந்தால் வண்டியை அப்படியே பட்டறையில் விட்டுவிட்டு வாருங்கள்.