வீட்டுக்குப் பின்னால் காத்தாடி, வீட்டுக்குள் இருட்டு

அன்புள்ள ஐயா,

வணக்கம். பணகுடிக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பற்றிப் பாடம். சார்ட் ஒட்டி, படம் காட்டி, சூரியன், காற்று, நீர் என்று எல்லாரும் ஒப்பிக்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மணி அடிக்கப்போகிற நேரத்தில் ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், எங்க வீட்டுக்குப் பொறத்தால காத்தாடி சுத்திக்கிட்டே இருக்கு. அப்புறம் எப்படி எங்க வீட்ல கரண்ட் போவுது?" காற்றாலையைத்தான் காத்தாடி என்கிறான். நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். மூன்று நாள் ஆகிவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது? ஊரோடு சேர்த்து இந்தப் பாடத்தை நடத்த வழி உண்டா? என் பெயர் வேண்டாம்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் எடுக்க வேண்டிய பாடத்தை அந்தப் பையனே எடுத்துக் கொடுத்துவிட்டான். சார்ட்டைச் சுருட்டி பீரோ மேல் வையுங்கள்.

அவனுக்குப் பதில் சொல்ல உங்கள் ஊர்க் குளம் போதும். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் ஒருத்தர் வீட்டுப் புறவாசலை ஒட்டியே ஓடலாம். அதற்காக அவர் வயல் நனைந்துவிடாது. தண்ணீர் குளத்தில் சேர்ந்து, மடை திறந்து, வாய்க்கால் வழியாகத்தான் வயலுக்கு வர வேண்டும். நடுவில் வாய்க்கால் உடைந்தால், குளம் நிறைந்து கிடந்தாலும் பயிர் வாடும். காத்தாடி மின்சாரமும் அப்படித்தான். முதலில் சப்ஸ்டேஷனுக்குப் போகிறது. கூடங்குளத்து அணுமின்சாரம், தூத்துக்குடி அனல்மின்சாரம், பாபநாசத்து நீர்மின்சாரம் எல்லாம் சேர்கிற அதே மின்வலையில் (கிரிட்) கலக்கிறது. அவன் தெருக் கம்பியில் ஒரு தென்னை மட்டை விழுந்தால், பின்னால் நூறு காத்தாடி நின்றாலும் வீடு இருட்டுதான்.

இந்த உவமை ஓரிடத்தில் உடையும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குளம் தண்ணீரைத் தேக்கி வைக்கும், மின்வலை தேக்காது. வந்த மின்சாரம் அந்த நொடியே செலவாகியாக வேண்டும். தேக்குவதற்குத் தனியாக பேட்டரி வேண்டும், அல்லது தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றி வைக்கும் அணை வேண்டும்.

பிள்ளைகள் வாய் பிளக்கப்போகிற விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. மின்வலை செத்துவிட்டால் காத்தாடியும் மின்சாரம் தருவதை நிறுத்திவிடும். மொட்டை மாடியில் சோலார் தகடு போட்டவர்கள் பலர் இதில்தான் ஏமாந்துபோவார்கள். நல்ல வெயிலில் தெருவில் கரண்ட் போனால், பேட்டரி இல்லாத சோலாரும் கூடவே நின்றுவிடும். கோளாறு என்று நினைப்பார்கள். அது வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல், செத்த லைன் என்று நம்பித் தொட்ட கம்பியில், யாரோ ஒருவர் மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது.

ஆகவே அந்த லைன்மேனை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். டாக்டர், போலீஸ் என்று சமூக உதவியாளர்கள் படம் ஒட்டுகிறோம். மழையிலும் கம்பம் ஏறுகிறவருக்கு அந்த வரிசையில் இடம் கிடைப்பது அபூர்வம். எந்தச் சப்ஸ்டேஷனிலிருந்து ஊருக்குக் கரண்ட் வருகிறது, எந்த மரம் அடிக்கடி தொல்லை கொடுக்கிறது என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை, அவருக்குத் தெரியும்.

காற்றைப் பற்றி உங்கள் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தர ஒன்றுமில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மே முதல் செப்டம்பர் வரை அடிக்கிற காற்றில் வளர்ந்தவர்கள். பனையோலைக் காற்றாடி மட்டும் செய்யச் சொல்லுங்கள். ஓலையை மடித்து நடுவில் உடைமுள் குத்தினால் போதும். பிறகு மைதானத்தில் 30 மீட்டர் அளந்து, 10 விநாடியில் ஓடச் சொல்லுங்கள். விநாடிக்கு 3 மீட்டர். பெரிய காத்தாடி மின்சாரம் கொடுக்கத் தொடங்க ஏறக்குறைய அந்த வேகத்துக் காற்று வேண்டும். காற்றின் வேகம் விநாடிக்கு 25 மீட்டர் அளவைத் தாண்டினால் அதுவே தன்னை நிறுத்திக்கொள்ளும். காற்று இல்லாத நாளில் ஓலைக் காற்றாடிக்காகப் பிள்ளை ஓடும். பெரியதற்கு ஓட ஆளில்லை, சும்மா நிற்கும். சூரியனும் காற்றும் எப்போதும் கிடைக்கும் என்று சார்ட்டில் எழுதியிருப்பதை அவர்களே திருத்திவிடுவார்கள்.

வீட்டுப்பாடமாக ஆச்சிகளிடம் போகச் சொல்லலாம். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று மனப்பாடம் செய்விக்கிறோம், ஆனால் அறுவடை மெஷின் வந்த பிறகு, களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்த பிள்ளை உங்கள் வகுப்பில் அநேகமாக ஒன்றும் இருக்காது. முறத்தை எந்தப் பக்கம் பார்த்துப் பிடிப்பது, காற்று விழுந்தால் என்ன செய்தார்கள் என்று ஆச்சி சொல்லட்டும்.

இன்னொரு கேள்வியை அந்தப் பையன் இன்னும் கேட்கவில்லை. சீக்கிரம் கேட்பான்: அந்தக் காத்தாடி யாருடையது? உங்கள் பக்கத்துக் காத்தாடிகளில் பல, கோவை, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைகளுக்கும் ஆடை நிறுவனங்களுக்கும் சொந்தம். இங்கே உற்பத்தியாகும் யூனிட்டை அங்கே தங்கள் பில்லில் கழித்துக்கொள்வார்கள். அவன் போட்டிருக்கும் பனியனே இந்தக் காற்றில் நூற்ற நூலாக இருக்கலாம். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஊர்க்காரர்களுக்கு நிலம் விற்ற பணமும் வாட்ச்மேன் வேலையும் கிடைத்தன. அது நியாயமான பங்குதானா என்று வகுப்பே பேசட்டும். ஒன்பது வயதில் நியாயம் பேச யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது என்று காட்ட ஓடந்துறையைச் சொல்லுங்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து ஊராட்சி. 2006இல் வங்கிக் கடன் வாங்கி, சேமிப்பையும் போட்டு, ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவில் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கினார்கள். நட்டது தங்கள் ஊரில்கூட இல்லை, காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றார்கள். குளம் உவமை இங்கேயும் கைகொடுக்கும்.

ஒரு விஷயம். காத்தாடியைப் பார்க்கக் கூட்டிப்போனால் ரோட்டிலிருந்தே பாருங்கள், வேலிக்குள் வேண்டாம். லைன்மேன் வந்தால் ரப்பர் கையுறையையும் இடுப்புக் கயிற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் கால் மணி நேரம் அவர் பேசுவதை யாரும் கேட்கப்போவதில்லை, கையுறையை மாட்டிப் பார்ப்பதற்குத்தான் அடிதடி நடக்கும். அந்தப் பையனுக்கு முதல் முறை கொடுங்கள்.