மிருகங்களுக்கு டி.என்.ஏ ஊசி: கேளுங்கோ, தெரிஞ்சத சொல்லுறன்

நான் பேராதெனியவில மிருக வைத்தியம் படிச்சிட்டு கொஞ்சக் காலம் தடுப்பூசி லேப் ஒண்டில எலியளோட மல்லுக்கட்டின ஆள், இப்ப தெஹிவளையில நாய் பூனை பாக்கிறன். போன கிழமை இங்க டி.என்.ஏ தடுப்பூசி எண்டு சும்மா ஒரு வசனம் விட்டதுக்கு இவ்வளவு கேள்வி வரும் எண்டு நினைக்கவே இல்ல.

ரிஷி, கொட்டாஞ்சேனை: அக்கா, எங்கட நாய்க்கு போடுற விசர்நாய் ஊசிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

தம்பி, அதில இருக்கிறது செத்த வைரஸ். இதில வைரஸே இல்ல, அதின்ட ஒரு புரதத்துக்கான ஜீனை மட்டும் வெட்டியெடுத்து பிளாஸ்மிட் எண்ட வட்ட டி.என்.ஏக்குள்ள வைச்சு, பக்டீரியாவில பெருக்கி சுத்தம் செய்து தசையிலயோ தோலிலயோ போடுறது, பேந்து மிருகத்தின்ட கலமே அந்தப் புரதத்த செய்யும். 1990 இல எலித்தசையில வெறும் டி.என்.ஏவ போட்டுப் பாத்தவங்களுக்கே இது நம்பேலாத விசயமாத்தான் இருந்திருக்கும்.

சுதா, வெள்ளவத்தை: ஏ.எல் பயோவில படிச்ச பிறபொருளெதிரி (அன்டிபொடி) மட்டும்தானே இதாலயும் வரும்?

இல்ல சுதா, விசயமே அங்கதான் இருக்கு. புரதம் கலத்துக்குள்ளயே உருவாகிறதால, உண்மையா வைரஸ் பூந்த கலம் மாதிரியே அதின்ட துண்டுகள் எம்.எச்.சி வகுப்பு 1 எண்ட, கலத்தின்ட வெளியில காட்டுற தட்டு மாதிரியான புரதத்தில ஏறி வெளியில தெரியும், அதைப் பாத்து சி.டி.8 டி-கலங்கள், அதாவது வைரஸ் பூந்த கலங்களைக் கொல்லுற வெள்ளைக் கலங்கள், எழும்பும். செத்த வைரஸ் ஊசி பிறபொருளெதிரியை நல்லா தரும், ஆனா இந்தக் கொல்லுற கலங்கள அவ்வளவா எழுப்பாது. 1993 இல இன்ஃபுளுவென்சாவின்ட உள்புரதம் ஒண்டின்ட ஜீனை எலிக்குப் போட்டாங்கள். ஜீன் எடுத்தது 1934 ஆம் ஆண்டு வைரஸில, எலி தப்பினது 1968 ஆம் ஆண்டு வைரஸிட்ட இருந்து! வெளித்தோல் மாறினாலும் உள்புரதம் பெரிசா மாறாது, டி-கலத்துக்கு அது போதும். அதோட பக்டீரியாவில வளந்த டி.என்.ஏயே உடம்புக்கு ஒரு எச்சரிக்கைதான், கலத்துக்குள்ள ஸ்டிங் எண்ட எச்சரிக்கைப் பாதை முழிச்சுக்கொள்ளும்.

கண்ணன், மட்டக்குளி: வவுனியாவில மாமா மாடு வளர்க்கிறார், கால்-வாய் நோய்க்கு (காலிலயும் வாயிலயும் புண் வாறது) இப்பிடி ஒண்டு வந்தா நல்லதுதானே?

இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தன். எலியில அற்புதம், மாட்டில பன்றியில சப்பெண்டு போயிடும், இதுதான் இந்தத் துறையின்ட பெரிய தலையிடி. ஒரு 20 கிராம் எலிக்கு 100 மைக்ரோகிராம் போடுறம், அதே கணக்கில 400 கிலோ மாட்டுக்கு 2 கிராம் வேணும், அவ்வளவு சுத்தமான பிளாஸ்மிட்டுக்கு மாமா மாட்டையே விக்கவேண்டி வரும். அளவு மட்டுமில்ல பிரச்சினை, எலியின்ட சின்னத் தசையில ஊசித்தண்ணி போற அழுத்தத்திலயே டி.என்.ஏ கலத்துக்குள்ள தள்ளுப்பட்டுடும், மாட்டுத் தசையில அது அங்கயே கரைஞ்சு நொதியம் தின்னுடும், தப்பினதும் கலத்தின்ட கருவுக்குள்ள போகோணும், அது இன்னொரு மதில். அதனாலதான் மின்சாரத் துடிப்பு குடுக்கிறது, தங்கத் துணிக்கையில ஒட்டிச் சுடுறது, முதல் டி.என்.ஏ பேந்து புரத ஊசி எண்டெல்லாம் முயற்சி நடக்குது. மனிசரும் பெரிய மிருகம்தானே, 2021 இல இந்தியா அனுமதிச்ச கொவிட் டி.என்.ஏ ஊசியும் 3 தரம், ஊசிமுனை இல்லாத கருவியால தோலுக்குள்ள அடிக்கிறதாத்தான் வந்தது.

மாமாவ இப்ப இருக்கிற ஊசிய ஒழுங்கா போடச் சொல்லுங்கோ.

ஃபாத்திமா, தெஹிவளை: அப்ப எந்த மிருகத்திலயும் உருப்படியா வரேல்லயா?

வந்தது, மீனுக்கு! 2005 இல கனடாவில வளர்ப்பு சல்மனுக்கு ஐ.எச்.என் எண்ட மீன் வைரஸுக்கு எதிரா அனுமதி குடுத்தாங்கள். ஒரே ஊசி, சின்ன மீன் எண்டா ஒரு மைக்ரோகிராமிலும் குறைவே போதும். முதல் சில நாளிலயே இன்டர்பெரோன் எண்ட, வைரஸை மறிக்கிற புரதம் எழும்பி வேற வைரஸையும் சேத்து மறிக்கும், அது அடங்க குறிப்பான பிறபொருளெதிரி வந்து கனகாலம் நிக்கும். ஏன் மீனில மட்டும் இவ்வளவு அழகா வேலை செய்யுது எண்டதுக்கு ஒத்த வரிப் பதில் இல்ல. அதே 2005 இல அமெரிக்காவில குதிரைக்கு, நுளம்பு பரப்புற வெஸ்ட் நைல் வைரஸுக்கு எதிரான டி.என்.ஏ ஊசிக்கும் அனுமதி கிடைச்சது. அதுக்கும் முன்னமே, அழியப்போற கலிபோர்னியா கொண்டோர் கழுகுகளுக்கு அதே வைரஸுக்கு எதிரா டி.என்.ஏ ஊசி போட்டிருக்கிறாங்கள்.

ஃபாத்திமா: ஜீன் மிருகத்தின்ட டி.என்.ஏயோட ஒட்டிடாதா? அந்த மீனைச் சாப்பிட்டா?

பயப்பிடாதேங்கோ. பிளாஸ்மிட் கருவுக்குள்ள தனியாத்தான் கிடக்கும், மிருகக் கலத்தில தன்னைப் பெருக்காது, ஒட்டுற சான்ஸ் மிச்சம் குறைவு. நாங்க தின்னுற எல்லா மீனிலயும் டி.என்.ஏ இருக்கு, வயிறு அதைச் செமிக்கும்.

ரிஷி: கடைசியா அக்கா, என்ட நாய்க்கு இது எப்ப?

நாயின்ர காதுமடல் தோலில ஒரே தரம் போட்டு, ஒரு வருசம் கழிச்சு விசர்நாய் வைரஸ் குடுத்தும் தப்பினதா ஆய்வு இருக்கு. ஆனா பழைய ஊசியே மலிவு, அதுவே நல்லா வேலை செய்யுது, புதுசுக்கு யார் காசு போடுவான்? உங்கட நாய்க்கு கடைசியா எப்ப போட்டது எண்டு அந்த கார்ட்ட எடுத்துப் பாருங்கோ முதல்.