800 வெள்ளிக் கருவியா, சிரிஞ்சும் குப்பியுமா?

கேள்வி: அண்ணா, பொங்கோலில் நாலறை வீடு. வரவேற்பறையில் இரண்டரை அடி கடல்நீர்த் தொட்டி, சுமார் 120 லிட்டர். சூவாந்தஸ் என்ற பவள இன உயிரியும் ஒரு ஹேமர் பவளமும் நன்றாக இருக்கின்றன. போன மாதம் ஆசைப்பட்டு ஒரு சின்ன அக்ரோபோரா பவளம் வாங்கினேன். நான் தாதி, இரவு வேலையும் வரும். வாராவாரம் டெஸ்ட் கிட்டில் சொட்டு விட்டு நிறம் பார்த்து நீரைச் சோதிப்பது அலுப்பாக இருக்கிறது. பிஎச் (அமில-கார அளவு), வெப்பம், உப்பு, ஓஆர்பி (நீரின் ஆக்சிஜனேற்றத் திறன்) நாலையும் கைத்தொலைபேசியில் காட்டும் கருவியை 800 வெள்ளி என்கிறார் கடைக்காரர். "இது இருந்தால் டெஸ்ட் கிட்டே வேண்டாம்" என்றும் சொல்கிறார். என் கணவர், "வாங்கிப் போடு, நிம்மதி" என்கிறார். வாங்கலாமா?
- வாசகி, பொங்கோல்

பதில்: கடைக்காரர் கருவியை விற்கட்டும், அது அவர் பிழைப்பு. டெஸ்ட் கிட் வேண்டாம் என்று சொன்னதுதான் தப்பு. அந்த நாலு எண்களில் ஒன்றுகூட உங்கள் அக்ரோபோரா தினமும் எடுத்துக்கொள்ளும் சரக்கைக் காட்டாது. எலும்புக்கூடு கட்ட அதற்குக் கால்சியமும் கார்பனேட்டும் வேண்டும். அந்தக் கார்பனேட் கையிருப்பைத்தான் கேஎச் என்று சோதிக்கிறோம். தண்ணீரில் செருகிவிட்டு கேஎச் படிக்க, நம் கைக்கு எட்டும் புரோப் (உணரி) எதுவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அமிலம் விட்டு, எந்த இடத்தில் மாறுகிறது என்று பார்த்தாக வேண்டும். ட்ரைடென்ட் போன்ற விலை கூடிய தானியங்கிகளும் உள்ளே இதே வேலையைத்தான் செய்கின்றன. ரசாயனக் குப்பி தீரத் தீர நீங்கள் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிஎச் தெரிந்தால் கேஎச் தெரிந்த மாதிரிதானே என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை தங்கச்சி. புகைமூட்டம் வந்து ஜன்னல்களைச் சாத்தி, ஏர்கான் போட்டு, நாலு பேர் உள்ளேயே இருந்தால் வீட்டுக்குள் கரியமில வாயு கூடும். அது தொட்டி நீரிலும் கரையும். முந்தின நாள் விடியற்காலை 8.0 காட்டிய பிஎச் 7.8 காட்டும். கேஎச் இருந்த இடத்திலேயே இருக்கும். இதைப் பார்த்துப் பயந்து பிஎச் ஏற்றும் மருந்தை ஊற்றினால், நன்றாக இருந்த கேஎச்சும் தாறுமாறாகிவிடும். அந்த நேரத்தில் ஜன்னலைத் திறக்க முடிந்தால் திறப்பதுதான் மருந்து.

நான் ரசாயன ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருந்தவன். பிஎச் புரோப்பைக் கழற்றிக் கழுவி மாட்டுவதே பாதிப் பொழப்பு. குழாயிலேயே பொருத்திய அனலைசர் இரவு பகலாக எண் காட்டிக்கொண்டிருக்கும். ஆனாலும் லேப்பிலிருந்து ஆள் வந்து பாட்டிலில் சாம்பிள் பிடித்துப் போவார், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். எந்த நேரத்தில் என்ன அசைந்தது என்பதற்கு அனலைசர், எண் சரிதானா என்பதற்குப் பாட்டில். வீட்டுத் தொட்டிக்கும் நான் இதையேதான் சொல்வேன்.

புரோப்பின் கண்ணாடி முனையில் பாசியும் சுண்ணாம்பும் படியும், எண் மெதுவாக நகரும். திரையில் மட்டும் இரண்டு தசமம் வரை சுத்தமாக நிற்கும், அதுதான் ஆபத்து. மாதம் ஒருமுறை பிஎச் 7, 10 என்று அளவு தெரிந்த இரண்டு பஃபர் கரைசலிலும் வைத்துத் திருத்த வேண்டும். உலரவிடக் கூடாது. எடுத்து வைப்பதென்றால் பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான், ஆர்ஓ (சவ்வு வழியே வடிகட்டிய) நீரில் அல்ல. ஒன்றிரண்டு வருடத்தில் புரோப்பையே மாற்ற வேண்டிவரும். உப்பு அளக்கும் புரோப்பில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே எண் இறங்கிவிடும். ஓஆர்பியை மறந்துவிடுங்கள். ஓசோன் போடாத தொட்டியில் அந்த எண்ணை வைத்து நீங்கள் செய்யப்போவது ஒன்றுமில்லை.

வெப்பம் மட்டும் வேறு விஷயம். நம் சிங்கப்பூரில் தொட்டியைச் சட்டென்று கொல்வது சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) நிற்பதுதான். மத்தியானம் வெளியே 32, 33 டிகிரி, வீட்டில் யாருமில்லை, 26-இல் இருந்த நீர் சாயங்காலத்துக்குள் 30-ஐத் தாண்டிவிடும். 1998, 2010, 2016 என்று நம் தீவுகளைச் சுற்றியுள்ள பவளமே சூட்டில் வெளுத்திருக்கிறது, தொட்டிப் பவளம் எம்மாத்திரம்? வார்டில் நிற்கும் உங்களுக்குக் கைத்தொலைபேசியில் எச்சரிக்கை வர வேண்டியது இதற்குத்தான். அதற்கு 800 வெள்ளி வேண்டாம். வைஃபை உள்ள வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி நூறு வெள்ளிக்குள் கிடைக்கும். அதை முதலில் வாங்குங்கள்.

அப்புறம் கேஎச். உங்கள் அலுப்பு எனக்குப் புரிகிறது. அதில் பாதி, இது நிறம் மாறியதா இல்லையா என்ற குழப்பம்தான். சாலிஃபர்ட் கிட்டில் நீலப்பச்சை ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பாக மாறும் இடத்தில் நிறுத்த வேண்டும். மஞ்சள் விளக்கில் பார்க்காதீர்கள், பின்னால் ஒரு வெள்ளைத் தாள் பிடியுங்கள். ஒரு சொட்டு, ஒரு குலுக்கு, இன்னொரு சொட்டு. சிரிஞ்சில் பிளாஸ்டிக் முனை மாட்டி உறிஞ்சும்போது கறுப்பு ரப்பருக்குக் கீழே கொஞ்சம் காற்று நிற்கும். அது முனைக்குள் இருந்த காற்று, அதைத் துரத்திக்கொண்டிருக்க வேண்டாம். காற்றைப் பார்க்காமல் ரப்பர் நிற்கும் கோட்டைப் படியுங்கள்.

அதுவும் பிடிக்கவில்லையா, ஹன்னா செக்கர் என்ற சின்ன மின்னணுக் கருவி வாங்கிக்கொள்ளுங்கள். 10 மில்லி தொட்டி நீரை வைத்துப் பூஜ்யமாக்கி, 1 மில்லி ரசாயனம் சேர்த்தால் எண்ணாகவே காட்டும். கண்ணாடிக் குப்பியில் கைரேகை இருந்தால் அதையும் சேர்த்துப் படிக்கும், துடைத்துவிட்டு வையுங்கள். இதுவும் வேதவாக்கு இல்லை. தயாரிப்பாளர் சொல்லும் பிழை அளவே 0.3 டிகேஎச்சும் (கேஎச் அளக்கும் அலகு) அதோடு 5 சதவீதமும். 8.0 என்று காட்டினால் உண்மை 7.3 ஆகவும் இருக்கலாம், 8.7 ஆகவும் இருக்கலாம். அதனால் ஒரே கருவியை வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். திங்கள் 8.3, வியாழன் 7.7 என்றால் மூன்று நாளில் 0.6, நாளுக்கு 0.2 தின்கிறது. தினமும் எவ்வளவு ஊற்றுவது என்பதற்கு அந்தக் கணக்குதான் வேண்டும். ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

புது அக்ரோபோரா ஊன்றும்வரை வாரம் இரண்டு முறை கேஎச், ஒருமுறை நைட்ரேட்டும் பாஸ்பேட்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால்சியமும் மெக்னீசியமும் போதும். இரவு வேலை முடிந்து தூக்கக் கண்ணோடு செய்யாதீர்கள். நோயாளிக்கு ஊசி போடும்போது பார்க்கும் கவனம் இதற்கும் வேண்டும், ஆஃப் நாளில் செய்யுங்கள்.

கணவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: தொட்டி முழுக்க அக்ரோபோரா நிறைந்து, நாளுக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் தின்னும் காலம் வந்தால் தானியங்கி கேஎச் கருவியைப் பற்றி யோசிக்கலாம். இப்போதைய தொட்டிக்கு அது வீண்செலவு. என்றைக்கு எந்தக் கருவி வாங்கினாலும், புரோப் சொல்லும் எண்ணை நம்பி மருந்து ஊற்றும் பம்பை மட்டும் ஓடவிடாதீர்கள். புரோப் தவறாகக் குறைத்துக் காட்டும் இரவில் பம்ப் கேள்வி கேட்காமல் ஊற்றிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 35 காட்டுகிறது, நண்பரின் மின்னணுப் பேனா 32 காட்டுகிறது. எதை நம்புவது?
- வாசகர், ஈசூன்

பதில்: இப்போதைக்கு இரண்டையும் நம்பாதீர்கள். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) சோதனைக் கரைசல் ஒரு குப்பி வாங்கி, ரிஃப்ராக்டோமீட்டரை அதில் திருத்துங்கள். ஆர்ஓ நீரில் பூஜ்யம் வைத்துத் திருத்தினால் 35-க்குப் பக்கத்தில் பிழை வரலாம். பேனாவை 53 மில்லிசீமென்ஸ் (மின்கடத்தல் அலகு) கரைசலில் வைத்துப் பாருங்கள், 25 டிகிரியில் அதுதான் 35 பிபிடி. தவறிய கருவி எது என்று உடனே தெரிந்துவிடும். அதற்குள் அவசரப்பட்டு உப்பைக் கொட்டிவிடாதீர்கள்.

கேள்வி: ஆர்ஓ இயந்திரத்தில் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டுகிறது. நீர் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளலாமா?
- வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: கரைந்த உப்புக்கள் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பியூபி (தண்ணீர் வாரியம்) குழாய் நீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி போடுகிறது, அது டிடிஎஸ் மீட்டருக்குத் தெரியாது. அதைப் பிடிப்பது கார்பன் பிளாக் வடிகட்டி. ஆர்ஓவின் கழிவுக் குழாயில் வரும் நீரில் மொத்தக் குளோரின் சோதனைப் பட்டையை நனையுங்கள். நிறம் ஏறினால் மீட்டர் 0 காட்டினாலும் கார்பனை மாற்றிவிடுங்கள்.