ஆஸ்துமா ஜீன்ல இருக்கா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்கால்வாசி "குடும்பத்துல இருக்கு, எனக்கும் வருமா" வகைதான், அதனால ஒரே மாதிரி வந்ததை ஒண்ணா சேர்த்துட்டேன். எப்பவும் சொல்றதை முதல்லயே சொல்லிடறேன்: கன்ட்ரோலர் இன்ஹேலரை (மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்க தினமும் எடுக்கிற ஸ்டீராய்டு இன்ஹேலர்) நீங்களா நிறுத்தாதீங்க.

எனக்கு ஆஸ்துமா, வீட்டுக்காரருக்கு இல்ல. இப்போ அஞ்சு மாசம். குழந்தைக்கு வருமா?

பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா ரிஸ்க் சுமாரா ரெண்டு மடங்கு ஆகும், ரெண்டு பேருக்கும் இருந்தா இன்னும் கூடும். அப்படியிருந்தும் நிறைய குழந்தைங்களுக்கு வர்றதே இல்ல. நீங்க இப்போ கவனிக்க வேண்டியது உங்க மூச்சை, கர்ப்பத்துல ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு பயந்து நிறுத்திட்டு அட்டாக் வர விட்டா அதுதான் குழந்தைக்கு ஆபத்து. வீட்டுக்குள்ள யாரும் சிகரெட் பிடிக்க கூடாது, குழந்தை பிறந்த பிறகும்தான்.

எந்த ஜீன்னு ஒரே ஒரு பேரு சொல்லுங்க போதும்.

ஒரே பேருன்னு ஒண்ணு கிடையாது. மரபணுத் தொகுதியில ஆஸ்துமாவோட சம்பந்தப்பட்ட இடங்கள் நூத்துக்கு மேல கண்டுபிடிச்சாச்சு, ஒவ்வொண்ணும் ரிஸ்க்கை கொஞ்சூண்டுதான் கூட்டும். அதுல ரொம்ப உறுதியானது 17வது க்ரோமோசோம்ல ஓஆர்எம்டிஎல்3, ஜிஎஸ்டிஎம்பி ஜீன்கள் இருக்குற பகுதி, 2007ல வெளியாச்சு, முக்கியமா சின்ன வயசுல ஆரம்பிக்கிற ஆஸ்துமாவுக்கு. அப்புறம் ஐஎல்33, டிஎஸ்எல்பி, இதெல்லாம் மூச்சுக்குழாயோட உள்தோல் அடிபட்டா "ஆபத்து"ன்னு குரல் கொடுக்குற புரதங்களோட ஜீன்கள். ஐஎல்33 சரியா வேலை செய்யாத மாதிரி ஒரு அபூர்வ மாற்றம் இருக்கிறவங்களுக்கு ஆஸ்துமா ரிஸ்க் குறைவுன்னும் தெரிஞ்சிருக்கு. டிஎஸ்எல்பியை தடுக்குற டெஸெபெலுமாப் ஊசி 2021ல இருந்து தீவிர ஆஸ்துமாவுக்கு வந்துடுச்சு. ஜீன் ஆராய்ச்சியால நோயாளிக்கு என்ன லாபம்னு கேட்டா நான் காட்டுறது இந்த மாதிரி மருந்துகளைத்தான்.

ஆஸ்துமா 60 சதவீதம் பரம்பரைன்னு படிச்சேன். அப்போ என் பையனுக்கு வர 60 சதவீதம் சான்ஸா?

இல்லைங்க. இதே கேள்வி திரும்பத் திரும்ப வருது, தயவுசெஞ்சு தலைப்பை மட்டும் படிக்காதீங்க. ஒரு கூட்டத்துல ஒருத்தருக்கு வருது இன்னொருத்தருக்கு வரலங்கிற வித்தியாசத்துல ஜீனோட பங்கு எவ்வளவுங்கிறதுதான் அந்த 60, உங்க பையனைப் பத்தி அது ஒண்ணும் சொல்லல.

என் பொண்ணுங்க ஐடென்டிகல் ட்வின்ஸ். ஒருத்திக்கு மட்டும் வீசிங். எப்படி?

சகஜம். ஜீன் ஒண்ணா இருந்தாலும் பட்ட வைரஸ், நுரையீரல் வளர்ற நேரத்துல நடந்தது எல்லாம் ஒண்ணா இருக்காது. சூழல் எவ்வளவு மாத்தும்னு பாருங்க: அமெரிக்காவுல ஆமிஷ், ஹட்டரைட்னு ரெண்டு விவசாய சமூகம், மரபணு வகையில ரொம்ப நெருக்கம். ஆமிஷ் குழந்தைங்க மாட்டுத் தொழுவத்து பக்கத்துலயே வளருதுங்க, ஹட்டரைட் பண்ணைங்க பெருசு, மெஷின்ல நடக்குது, வீட்டை விட்டு தள்ளி. ஆஸ்துமா முதல் கூட்டத்துல 5 சதவீதம், ரெண்டாவதுல 20க்கு மேல.

எச்சில் அனுப்பி ஜீன் டெஸ்ட் எடுத்தோம். மகனுக்கு "ஆஸ்துமா ரிஸ்க் குறைவு"ன்னு ரிப்போர்ட். இன்ஹேலரை நிறுத்திட்டோம், சரிதானே?

சரியில்ல. இன்னைக்கே டாக்டரைப் பாருங்க, இன்ஹேலரை மறுபடி ஆரம்பிங்க.

இந்த டெஸ்ட் விஷயத்துல எனக்கு வர்ற கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல. போன வருஷம் ஒரு அம்மா இப்படித்தான் கலர் கலரா சார்ட் போட்ட ரிப்போர்ட்டை மேசை மேல வெச்சாங்க, பக்கத்துல பையன் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விடறான், ஒரு வாக்கியத்தை முழுசா பேச முடியல, விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ள இழுக்குது. ஏற்கனவே ஆஸ்துமான்னு கண்டுபிடிச்ச குழந்தைக்கு "வர்ற ரிஸ்க் குறைவு"ன்னு ஒரு காகிதம் எதுக்கு? அந்த ரிப்போர்ட்ல வர்ற ரிஸ்க் ஸ்கோரெல்லாம் ஜீன்ல இருக்குற சின்னச் சின்ன மாற்றங்களைக் கூட்டிப் போட்ட கணக்கு, அதுவும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிக்காரங்க டேட்டாவை வெச்சு போட்டது, மத்த மக்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆஸ்துமாவை எச்சில்ல கண்டுபிடிக்க முடியாது. ராத்திரி இருமல், விட்டு விட்டு வர்ற வீசிங் எல்லாம் கேட்டு, மூச்சை அளக்குற ஸ்பைரோமெட்ரி மெஷின்ல ஊத வெச்சு, ரிலீவர் (மூச்சுக்குழாயை உடனே விரிக்கிற மருந்து) கொடுத்து கால் மணி நேரம் கழிச்சு திரும்ப ஊத வெச்சு, ஊதுற காத்து எவ்வளவு ஏறுதுன்னு பார்க்கணும், பெரியவங்கன்னா 12 சதவீதமும் 200 மில்லியும் ஏறுதான்னு பார்ப்போம். இதுக்கு நேர்மாறாவும் நடக்குது, "ரிஸ்க் அதிகம்"னு வந்துச்சுன்னு நல்லா ஓடியாடுற குழந்தையை வீட்டுக்குள்ளயே அடைச்சு வெச்சவங்களையும் பார்த்திருக்கேன். ரெண்டுமே குழந்தைக்கு செய்யற அநியாயம். மறுபடியும் சொல்றேன், ரிப்போர்ட்டைப் பார்த்து கன்ட்ரோலரை நிறுத்தாதீங்க.

சளி பிடிச்சாலே பாப்பாவுக்கு நேரா வீசிங்தான். இதுவும் ஜீனா?

ஒரு பங்கு இருக்கலாம். சளி பிடிக்க வைக்கிற ரைனோவைரஸ் சி, செல்லுக்குள்ள நுழைய சிடிஎச்ஆர்3ங்கிற புரதத்தைத்தான் பிடிச்சுக்குது, அந்த ஜீன்ல ஒரு மாற்றம் இருந்தா புரதம் செல்லோட மேல்பரப்புல நிறைய வந்து நிக்கும், வைரஸுக்கு வழி சுலபம். இந்த மாற்றம் இருக்குற குழந்தைங்க வீசிங்ல ஆஸ்பத்திரிக்கு வர்ற வாய்ப்பு கூடுதல். ஆனா அதைத் தெரிஞ்சுக்கிட்டாலும் வைத்தியம் இன்னைக்கு மாறப்போறது இல்ல. வயசு எழுதல, மருந்து எழுதல, எத்தனை தடவை வந்துச்சுன்னும் எழுதல, இதுக்கு மேல நான் எப்படிங்க சொல்றது?

45 வயசு, குடும்பத்துல யாருக்கும் இல்ல, எனக்கு மட்டும் எப்படி?

பெரியவங்களுக்கு புதுசா வர்றதுல ஜீனோட பங்கு கம்மி. உடல் எடை, சிகரெட், வேலை இடத்துல மாவு, பெயின்ட் ஸ்ப்ரே மாதிரி எதுவும் இருக்கான்னு பாருங்க. லீவுல இருமல் குறைஞ்சா அதை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

சால்பியூட்டமால் ரிலீவர் எனக்கு வேலையே செய்யல. அந்த மருந்து பிடிக்கிற ஜீன்ல கோளாறுன்னு ஒருத்தர் சொன்னார்.

அவர் சொன்னது ஏடிஆர்பி2ங்கிற ஜீனா இருக்கும், அதைப் பத்தி நிறைய ஆராய்ச்சி உண்டு, ஆனா அதைப் பார்த்து யாரும் மருந்து மாத்துறது இல்ல. முதல்ல நீங்க இன்ஹேலர் எடுக்கிற விதத்தை டாக்டருக்கு எதிர்ல செஞ்சு காட்டுங்க, முக்காவாசி பேர் குலுக்காம அடிக்கிறாங்க, இல்ல அடிச்ச பிறகு இழுக்கிறாங்க, ஸ்பேசர் (இன்ஹேலர்ல மாட்டுற குழாய்) வெச்சாலே பாதிப் பிரச்சனை தீரும். ரிலீவரை மட்டும் வெச்சு ஓட்டுறீங்கன்னா அதையும் சொல்லுங்க, 2019ல இருந்தே சர்வதேச வழிகாட்டி அது வேண்டாம்னுதான் சொல்லுது.